மெலிந்த குதிரையைத் தேற்றும் முறை

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களின் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



பசுவைப் பற்றியும் உழவு மாட்டைப் பற்றியும் பேசுவதற்கு இம்மாதிரிக் கூட்டங்களுக்குப் பலர் வருவதுண்டு. குதிரையைப் பற்றிப் பேச வருகிறவர் அரியர். குதிரையின் காலம் ஜட்கா வண்டியோடு போய்விட்டது என்பது பட்டணத்தாருடைய எண்ணம். அது முற்றிலும் சரியன்று. உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் சென்னைக் கடற்கரையிலும் சவாரிக் குதிரையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் பந்தய வண்டிக்கென்று மட்டக்குதிரை வளர்க்கிறவர்கள் உண்டு. ஈரோடு ஜில்லா அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்கு நம்மில் சிலரே போய் வந்திருக்கலாம்.

சந்தையில் நல்ல குதிரைக்கு நல்ல விலை. எலும்பும் தோலுமாய் நிற்கும் குதிரைக்கு விலை குறைவு. கையில் பணம் சொற்பமாயுள்ளவர் அதைத்தான் பிடித்துக்கொண்டு வருவார். சங்கத்தில் கடன் வாங்கியும் பிடிப்பார். அப்படி ஒருவர் பிடித்து வந்ததாக வைத்துக்கொள்வோம். அவர் இரக்கமுள்ளவர். வந்த அன்று இரவே அவித்த கொள்ளு ஒரு கூடை, தவிடு ஒரு முறம், வெல்லம் ஒரு கட்டி எல்லாவற்றையும் அதன் முன் வைக்கிறார். பசித்த பிராணி ஆவலோடு தின்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அது வியர்த்து நடுங்கிக் கீழே விழுகிறது, பிறகு எழுந்திருப்பதில்லை. கண்ணேறு என்கிறார் ஒருவர். விற்றவன் மோசம் செய்துவிட்டான் என்கிறார் மற்றொருவர். பட்டினி கிடந்த பிராணிகளின் விஷயத்தில் இவ்விதச் சாவு புதிதன்று. வைத்தியர்கள் நன்கு அறிந்தது. அந்தக் குதிரையைக் கொன்றது பட்டினி அன்று. அதற்குப் பிறகு வந்த கொள்ளுக் கூடையே.

ஏன் இப்படி நேருகிறது என்பதைச் சிறிது விளக்குகிறேன். தீனி கிடைக்காத பிராணி முதலில் தன் தேகத்திலுள்ள கொழுப்பைக் கரைத்து உயிர் வாழ்கிறது. கொழுப்புத் தீர்ந்தபின் தசையைக் கரைக்கிறது. தொடைத் தசையும் முதுகுத் தசையும் கண்ணுக்குத் தெரியக் குறைகின்றன. இருதயமும் ஒரு தசையே, அது குறைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. இதோடு பாஸ்பரஸ், மக்னீஷியம், பொட்டாசியம் என்னும் உப்புச் சத்துக்களும் தேகத்தில் வற்றிப் போகின்றன. இந்த நிலையில் மாவுச்சத்தோ சர்க்கரையோ திடீரென்று உள்ளே போனால், இன்சுலின் என்னும் சுரப்புநீர் பெருகுகிறது. அது சர்க்கரையைத் தசைகளுக்குள் தள்ளுகையில் இரத்தத்தில் மிஞ்சியிருந்த அந்த உப்புக்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. இரத்தத்தில் அவை வறண்டதும் இருதயம் தாளம் தவறுகிறது. மூச்சு விடும் தசை சோர்கிறது. மனிதருக்கும் இதே விதிதான். 1945-இல் ஜெர்மானியச் சிறை முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களில் சிலர், நெடும் பட்டினிக்குப் பின் கிடைத்த செழுமையான உணவைத் தின்ற சில நாட்களுக்குள் இறந்தது சரித்திரத்தில் பதிவான செய்தி.

குதிரைக்கு இதற்கு மேலும் ஓர் அபாயம் உண்டு. நாம் மாட்டோடு பழகியவர்கள். குதிரையையும் மாட்டின் தம்பி என்று நினைத்துவிடுகிறோம். மாட்டுக்கு நான்கு அறையுள்ள பெரிய இரைப்பை; இரவில் வைக்கோலை அள்ளிப் போட்டால் படுத்து அசை போட்டுக்கொள்ளும். குதிரைக்கு இரைப்பை ஒன்றே. பெரிய குதிரைக்குங்கூட அது 8 முதல் 15 லிட்டர் வரையில்தான் கொள்ளும். அதிகமாய்த் தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவும் குதிரையால் இயலாது. புல்லின் நார் அதன் குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் வாழும் நுண்ணுயிர்களால் புளிக்க வைக்கப்பட்டே சத்தாகிறது. தானியம் மிதமிஞ்சினால் சிறுகுடலில் ஜீரணமாகாத மாவு அங்கே வழிந்து சென்று அமிலமாகிறது. அதன் பலன் கடும் வயிற்றுவலி; இல்லையேல் குளம்பினுள் அழற்சி கண்டு நிரந்தர நொண்டி. ஆகையால் குதிரைக்குச் சிறிது சிறிதாக, பலமுறை, முதலில் புல், பிறகே தானியம் என்பது விதி. இன்று நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு விதியின் விரிவே.

குதிரைத் தீனி விஷயத்தில் நம் நாட்டுக்குப் பழைய அபகீர்த்தி ஒன்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் குதிரைகள் ஆயிரக்கணக்கில் இங்கே கப்பலில் வந்து இறங்குவதையும், பராமரிக்கத் தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை ஆண்டுக்குள் மடிந்துபோவதையும் எழுதி வைத்திருக்கிறார். சமைத்த சோற்றையும் மாமிசத்தையும் குதிரைக்குப் போடுவதாக அவர் குறை கூறுகிறார். பாரசீக சரித்திரக்காரரான வஸ்ஸாப் என்பவரும் வறுத்த வாற்கோதுமை, நெய் கலந்த தானியம், காய்ச்சிய பசும்பால் இவற்றைக் குதிரைக்குக் கொடுப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்தில் இறங்கிய குதிரைகளுக்குப் பொன்னைக் கொட்டிக் கொடுத்தவர்கள் நெய்யும் பாலும் கொடுக்கவும் தயங்கவில்லை. அவர்களிடம் இல்லாதிருந்தது செலவழிக்கும் மனம் அன்று. நீண்ட கடற்பயணத்தில் மெலிந்து வந்த பிராணிக்கு வேண்டியது புல்லும் பொறுமையும் என்பதைச் சொல்ல ஆள் இல்லை.

இனி காரியத்துக்கு வருவோம். குதிரை மெலிந்திருக்கிறதா, எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று நிதானிப்பது முதல் வேலை. கண்ணை நம்பாதீர்கள். புல் தின்று வயிறு உப்பிய குதிரையின் விலாவெலும்பு மறைந்து நிற்கும். மலைக் குதிரையின் நீண்ட ரோமமும் அதை மறைக்கும். கையால் தடவியே பார்க்கவேண்டும். அமெரிக்காவில் டெக்ஸாஸ் ஏ அண்டு எம் சர்வகலாசாலையில் ஹென்னக் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் 1983-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். கழுத்து, முன்முதுகு மேடு, தோளின் பின்புறம், விலா, இடுப்பு முதுகு, வால் அடி ஆகிய ஆறு இடங்களைத் தடவிப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் இடுவது அந்த முறை. 1 என்பது எலும்புக்கூடு. 9 என்பது கொழுத்து ஊதியது. விலாவெலும்பு கண்ணுக்குத் தெரியாமலும் கைக்கு எளிதில் தட்டுப்பட்டும் இருந்தால் 5. அதுவே நாம் விரும்பும் நிலை. எழுத்தறியாதவரும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் கையை முஷ்டியாக மூடி மேல்மூட்டுக்களைத் தடவிப் பாருங்கள். விலா அப்படி இருந்தால் மெலிவு. கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். அப்படி இருந்தால் போதும்.

அடுத்தது எடை. தராசில் குதிரையை நிறுத்துவது கிராமத்தில் நடவாத காரியம். ஒரு தையற்காரர் நாடா இருந்தால் போதும். முன்முதுகு மேட்டின் பின்னாக மார்பைச் சுற்றி அளந்த அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். வந்த தொகையைத் தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுங்கள். கிடைப்பது ஏறக்குறைய கிலோ எடை. மார்புச் சுற்றளவு 130, நீளம் 125 உள்ள மட்டக்குதிரைக்கு 178 கிலோ வரும். இதில் சிறிது தவறு இருக்கலாம். ஆனால் ஒரே நாடாவால், ஒரே ஆள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளந்து சுவரில் குறித்து வந்தால் ஏற்றமும் இறக்கமும் பொய் சொல்லா.

மெலிவுக்குக் காரணம் தீனிக்குறைவு ஒன்றே என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நல்ல தீனி வைத்தும் தேறாத குதிரைகள் எத்தனையோ. வாயைப் பார்க்கவேண்டும். குதிரையின் பற்கள் ஆயுள் முழுவதும் ஈறிலிருந்து மெல்ல வளர்ந்து தேய்ந்துகொண்டே இருப்பவை. தேய்மானம் ஒழுங்காயில்லாவிட்டால் மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பிலும் கீழ்ப் பற்களின் உள் விளிம்பிலும் கூரிய முனைகள் எழுந்து கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். அரைகுறையாய் மென்ற புல் உருண்டை உருண்டையாகத் தொட்டியின் அருகே விழுந்து கிடந்தால், அந்தக் குதிரை பசியாய் இருந்தும் தின்ன முடியாமல் வருந்துகிறது என்று அறியுங்கள். மிருக வைத்தியர் அரம் போட்டு அம்முனைகளை மழுக்கிவிடுவார். ஆண்டுக்கு ஒருமுறை இது எல்லாக் குதிரைக்கும் அவசியம்.

வயிற்றுப் புழு இரண்டாவது காரணம். இதற்கு மருந்து கடையில் கிடைக்கிறது என்று வாங்கி ஊற்றிவிடாதீர்கள். மிகவும் நலிந்த குதிரையின் குடலில் புழு நிறைந்திருக்குமானால், எல்லாம் ஒரே சமயத்தில் செத்து அடைப்பையோ அழற்சியையோ உண்டுபண்ணக்கூடும். சாணத்தைச் சோதித்துப் பார்த்து, எந்த மருந்தை, எப்பொழுது என்று வைத்தியர் சொல்லட்டும். விட்டு விட்டுக் காய்ச்சல், காலிலும் அடிவயிற்றிலும் வீக்கம், நல்ல தீனியிலும் இளைப்பு இவை இருந்தால் ஈக்களால் பரவும் சர்ரா நோயாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனையே அதைக் காட்டும். மூக்கிலிருந்து சளி ஒழுகி, தோலில் கட்டிகள் உடைந்து புண்ணானால் கிளாண்டர்ஸ் என்னும் கொடிய நோயைச் சந்தேகிக்கவேண்டும். அது மனிதரையும் தொற்றும். அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டிய நோய்களில் அது ஒன்று. ஆகவே மூடி மறைப்பது குற்றமுமாகும். சந்தையில் வாங்கிய எந்தக் குதிரையையும் மூன்று வாரம் தனியே கட்டி, தனி வாளியில் தண்ணீர் வைத்து, அதன் பிறகே மற்றவற்றோடு சேர்ப்பது நலம். கால்நடை மருந்தகம் தூரத்தில் இருந்தால் 1962 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி செய்து ஊருக்கே வைத்திய வண்டியை வரவழைக்கலாம்.

இவற்றை விட எளிய காரணமும் உண்டு. இரண்டு குதிரைகளை ஒரே தொட்டியில் கட்டினால் வலுத்தது இளைத்ததைத் தின்ன விடாது. மெலிந்த குதிரை தனியே தின்னட்டும். கடற்கரையோர ஊர்களில் மணல் மேல் புல்லைப் போடுகிறார்கள். புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் படிந்து வலியையும் இளைப்பையும் உண்டாக்கும். ஒரு பழைய பாயையாவது விரித்து அதன் மேல் போடுங்கள்.

இப்பொழுது தீனி. 1 அல்லது 2 மதிப்பெண்ணுக்கு இறங்கிவிட்ட, உண்மையாகவே பட்டினி கிடந்த குதிரைக்கு எதைக் கொடுப்பது என்பதைக் கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் கிளையில் ஆராய்ந்தார்கள். ஓட்ஸ் வைக்கோல், ஓட்ஸ் வைக்கோலோடு மக்காச்சோள எண்ணெய், உலர்த்திய லூசர்ன் ஆகிய மூன்றையும் கொடுத்துப் பார்த்ததில் லூசர்னே சிறந்தது என்று கண்டார்கள். அதில் மாவுச்சத்துக் குறைவு, புரதம் மிகுதி, வற்றிப்போன பாஸ்பரஸும் மக்னீஷியமும் அதில் இருக்கின்றன. லூசர்ன் என்றதும் அது ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்கவேண்டாம். நம் குதிரை மசாலே அது. பெயரிலேயே குதிரை இருக்கிறது. நாம்தான் அதைக் கறவை மாட்டுக்கென்று ஒதுக்கிவிட்டோம். வேலிமசால் என்பது வேறு செடி. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அவர்கள் வகுத்த அளவு 450 கிலோ எடையுள்ள பெரிய குதிரைக்கு உரியது. முதல் மூன்று நாள், நான்கு மணிக்கு ஒருமுறை, இரவும் பகலும், வேளைக்குச் சுமார் 450 கிராம் உலர்ந்த லூசர்ன். நமது 180 கிலோ மட்டக்குதிரைக்கு அதைச் சுருக்கினால் வேளைக்கு 180 கிராம்; ஒரு நாளைக்கு ஆறு வேளையும் சேர்ந்து ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். உலர்த்தியது இல்லாமல் பச்சையாகத்தான் கிடைக்கிறது என்றால், நீர்க்கனத்தைக் கருதி வேளைக்கு 800 கிராம் வைக்கலாம். அறுத்த உடனே போடாமல் சற்று வாடவிட்டுப் போடுங்கள். நான்காம் நாள் முதல் அளவைப் படிப்படியாகக் கூட்டி வேளையைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். ஆறாம் நாளில் எட்டு மணிக்கு ஒருமுறை, வேளைக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு வந்து சேரலாம். பத்து நாள் கழிந்தபின், அது தின்னுமட்டும் போடலாம். அதுவரையில் ஒரு பிடி தானியமும் கூடாது. வெல்லம் கூடவே கூடாது.

இந்தப் பத்து நாளும் வீட்டாருக்குப் பெரிய சோதனை. கைப்பிடியளவு தழையைத் தின்றுவிட்டு அந்தப் பிராணி நம் முகத்தைப் பார்க்கும். பாட்டிமார் மனம் தாங்காது. மறைவில் ஒரு கொட்டாங்கச்சி கொள்ளைக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அந்த இரக்கத்தைத்தான் தடுக்கவேண்டும். தீனி தொடங்கிய மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை அபாயம் அதிகம். அந்நாட்களில் நடுக்கம், வியர்வை, தள்ளாட்டம், கால் வீக்கம், சிறுநீர் கருத்தல் இவற்றில் எது கண்டாலும் வைத்தியரை அழைத்து வரவேண்டும். சுத்தமான தண்ணீர் எப்பொழுதும் முன்னால் இருக்கட்டும். நிழல், காற்று, எலும்பு உறுத்தாதபடி தடித்த வைக்கோற் படுக்கை ஆகியவை மருந்துக்குச் சமம். மூன்று நாளுக்கு மேல் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்ட குதிரை பிழைப்பது அரிது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சிறிதளவே இளைத்த குதிரைக்கு இத்தனை கட்டுப்பாடு வேண்டியதில்லை. 3 மதிப்பெண் உள்ளதற்கு நல்ல புல்லைத் தாராளமாக்கினாலே போதும்.

எவ்வளவு தாராளம்? உலர்ந்த கணக்கில், நாளொன்றுக்குத் தேக எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. 200 கிலோ குதிரைக்கு 4 கிலோ. பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஆகையால் பச்சையாகப் போட்டால் 20 கிலோ வேண்டும். ஒரு கட்டுப் புல்லை நிறுத்துப் பாருங்கள். நாம் வழக்கமாய்ப் போடுவது அதில் பாதிகூட இராது. பெரும்பாலான மெலிவின் இரகசியம் அந்தத் தராசுத் தட்டிலேயே வெளியாகிவிடும். புல்லில் அருகம்புல்லுக்கு மேல் குதிரைக்கு வேறொன்றும் இல்லை. கொழுக்கட்டைப் புல்லும் நேப்பியர்ப் புல்லும் மாட்டுக்கு மிக நல்லவை. குதிரைக்கு அவற்றை மட்டுமே நெடுங்காலம் போட்டால் அவற்றிலுள்ள ஆக்ஸலேட் என்னும் பொருள் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, எலும்பு மெலிந்து முகம் வீங்கச் செய்யும். தவிட்டைப் பிரதான உணவாக்கினாலும் இதே வியாதிதான். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு சொற்பம். குதிரை மசாலில் சுண்ணாம்பு நிறைய இருப்பதால் அதைச் சேர்த்துக் கொடுத்தால் சரிக்கட்டும். நெல் வைக்கோல் படுக்கைக்கு ஆகும். தேறவேண்டிய குதிரைக்கு அது உணவாகாது. சவுண்டல் தழையைப் போட்டால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும்.

மற்றொரு எச்சரிக்கை இதைவிட முக்கியமானது. நாமக்கல் பக்கத்தில் கோழிப் பண்ணைகள் பல. மீந்த கோழித்தீவனம் மலிவாய்க் கிடைக்கிறது என்று குதிரைக்குப் போட்டுவிடாதீர்கள். கோழிகளின் கழிச்சல் நோயைத் தடுக்க அதில் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலப்பதுண்டு. கோழிக்கு மருந்தாகும் அளவே குதிரையின் இருதயத்துக்கு விஷம். பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கையும் விலக்குங்கள். மாடு தாங்குவதைக் குதிரை தாங்காது.

கொள்ளைப் பற்றி நான் பகை பேசுவதாக நினைக்கவேண்டாம். மூன்றாம் நான்காம் வாரத்தில், வயிறு புல்லுக்குப் பழகி, குதிரை கண் தெளிந்து சுறுசுறுப்பாய் நிற்கத் தொடங்கியபின் கொள்ளு வரட்டும். நன்றாக அவித்து ஆறவைத்து ஒரு பிடி; மூன்று நாள் கழித்து இரண்டு பிடி. மட்டக்குதிரைக்கு வேளைக்குக் கால் கிலோவுக்கு மேல் எந்தத் தானியமும் போகக் கூடாது. அதிகம் வேண்டுமானால் வேளையைக் கூட்டுங்கள், அளவைக் கூட்டாதீர்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் முன்னோர் சொல்லிவைத்ததில் குதிரைக்கும் ஒரு பாடம் இருக்கிறது. உடம்பு ஏற்றுவதற்கு மாவைவிட எண்ணெய் அபாயம் குறைந்தது. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. ஆயினும் மெல்லப் பழக்கினால் எண்ணெயை நன்றாய் ஜீரணிக்கும். தவிட்டு எண்ணெயோ நல்லெண்ணெயோ நாளைக்கு 20 மில்லியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் 100 மில்லி வரை ஈரத் தீனியில் கலந்து கொடுக்கலாம். உப்புக் கட்டி ஒன்று நக்குவதற்குத் தொங்கட்டும்.

முதல் பதினைந்து நாளில் சுவரில் குறித்த எடை அசையாது. அதைக் கண்டு மனம் தளரவேண்டாம். பெரிய குதிரை ஒரு மதிப்பெண் ஏறுவதற்கே சுமார் 20 கிலோ சதை பிடிக்கவேண்டும். எலும்புக்கூடாய் வந்த குதிரை பழைய உருவம் பெற ஆறு முதல் பத்து மாதம் ஆகும். ஆடிச் சந்தையில் பிடித்ததைத் தைப்பொங்கலுக்குப் பந்தயத்தில் ஓட்டிவிடலாம் என்று எண்ணுகிறவர் இப்பொழுதே அந்த எண்ணத்தை விட்டுவிடுவது அவருக்கும் குதிரைக்கும் நல்லது.

தீனி மட்டும் போட்டால் வயிறும் கொழுப்பும் வரும். முதுகும் தொடையும் வருவதற்கு நடை வேண்டும். ஆனால் 4 மதிப்பெண் வரும்வரை எந்த வேலையும் கூடாது. அதன் பிறகு கையில் பிடித்துக்கொண்டு மெத்தென்ற மண் தரையில் பத்து நிமிஷம் நடத்துங்கள். வாரத்துக்கு ஐந்து நிமிஷமாகக் கூட்டி அரைமணி வரை வாருங்கள். ஆறு வாரத்துக்குப் பின் வெறும் வண்டி. அதற்கு ஒரு மாதத்துக்குப் பின் அரைப் பாரம். ஓட்டம் எல்லாவற்றுக்கும் கடைசியில். தசை சில வாரங்களில் வலுப்படும். மூச்சும் அப்படியே. நரம்புக் கயிறு போன்ற தசைநாணும் எலும்பும் வலுப்படப் பல மாதங்கள் செல்லும். குதிரை துள்ளுகிறதே என்று ஓடவிட்டால் முன்காலில் தசைநாண் பிய்ந்து, இத்தனை நாள் பாடும் ஒரு காலையில் வீணாகும்.

நடத்தியது அதிகமா என்று குதிரையையே கேட்கலாம். கீழ்த் தாடையின் உட்புற விளிம்பில் விரல் வைத்தால் நாடி தட்டுப்படும். ஓய்விலுள்ள குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44. மட்டக்குதிரைக்குச் சிறிது கூடுதலாக இருக்கலாம். வேலை நின்று கால் மணி நேரத்துக்குள் அது 60-க்குக் கீழே இறங்காவிட்டால் அன்றைய வேலை மிகுதி; மறுநாள் குறையுங்கள். மெலிந்திருந்த காலத்துச் சேணமும் கழுத்துப் பட்டையும் சதை பிடித்தபின் பொருந்தா. மாதம் ஒருமுறை கையை உள்ளே விட்டுப் பார்த்து, உறுத்தும் இடத்தைத் தளர்த்தவேண்டும். சிறு புண்ணும் குதிரைக்குச் சிறிதன்று. ஜன்னி நோய் குதிரையை மிக எளிதில் பற்றும், ஆகையால் அதற்குரிய தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் பார்க்கவேண்டும்.

சட்டமும் இதில் தலையிடுகிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, போதிய தீனி கொடாமையும் வேலைக்கு லாயக்கில்லாத பிராணியை வேலை வாங்குவதும் குற்றம். 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி, வண்டிக் குதிரையை நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடையில் ஓய்வின்றி ஐந்து மணி நேரத்துக்கு மேலும், வெப்பம் 37 டிகிரிக்கு மேற்பட்ட ஊர்களில் பகல் 12 முதல் 3 வரையிலும் வேலை வாங்கக் கூடாது.

கடைசியாகச் சங்கம் செய்யக்கூடிய காரியம் ஒன்று. ஒருவரே குதிரை மசால் பயிரிடுவது கடினம். விதை வாங்கவேண்டும், முதல் அறுப்புக்கு 75 நாள் காத்திருக்கவேண்டும். அங்கத்தினர் நால்வர் கூடினால் கிணற்றடியில் பத்து சென்ட் ஒதுக்குவது கடினமன்று. ஒருமுறை விதைத்தால் மூன்று நான்கு ஆண்டு நின்று, மாதம் ஒருமுறை அறுப்புக் கொடுக்கும். ஒரு ஹெக்டேருக்கு ஆண்டில் 70 முதல் 80 டன் பசுந்தழை என்பது நல்ல பராமரிப்பில் கிடைக்கும் அளவு. அந்தக் கணக்கில் பத்து சென்ட்டிலிருந்து நாளைக்கு எட்டு கிலோ வரும். தேறிக்கொண்டிருக்கும் மட்டக்குதிரை ஒன்றின் உணவில் ஏறக்குறையப் பாதியை அது தாங்கும். மீதிக்கு வரப்பில் அருகம்புல் இருக்கிறது. குதிரை இல்லாத நாளில் தழையை உங்கள் பசுக்களே தின்னும், நஷ்டம் இல்லை. குதிரை வாங்கக் கடன் கொடுக்கும்போதே ஆறு மாதத் தீனிக்கும் ஒரு பகுதியைச் சேர்த்துக் கணக்கிட்டுக் கொடுப்பதும், வேலை வாங்க முடியாத அந்த மாதங்களில் தவணையைத் தள்ளி வைப்பதும் நிர்வாகிகள் யோசிக்கவேண்டியவை. முதல் மாதமே தவணை கேட்டால் அவர் முதல் மாதமே வண்டியைப் பூட்டுவார்.

கூட்டம் கலைந்ததும் வாசலில் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். அங்கே கட்டியிருக்கும் மட்டக்குதிரைக்கு நாடா பிடித்து எடை கணக்கிடவும், நாடி பார்க்கவும், வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டவும் அரைமணி நேரம் போதும். பின்னங்கால் பக்கம் மட்டும் யாரும் நிற்கவேண்டாம்.